தோற்றவனுக்கு என்ன இடம்? ஜப்பானியப் பள்ளி மைதானமும் நம் ஊர்க் களமும்

காவிரிக்கரையான் (நிஷினோமியா, ஜப்பான்)

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். இப்போது குடும்பத்தோடு இருப்பது ஜப்பானில், கோஷியென் மைதானம் இருக்கும் நிஷினோமியாவில். இரண்டு இடத்து விளையாட்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்கிற முறையில் மனசில் பட்டதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

கோஷியென் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆகஸ்ட் மாத வெயிலில் இங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி நடக்கும். மொத்தம் 49 அணிகள். மாநிலத்துக்கு ஒன்று, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு. 1915-ல் தொடங்கிய போட்டி. 1924-ல் இந்த மைதானம் கட்டி முடித்ததிலிருந்து பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எல்லா ஆட்டங்களையும் என்.எச்.கே. நேரலையில் காட்டும். ஆகஸ்ட் 15 பகல் 12 மணிக்கு நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, போரில் இறந்தவர்களுக்காக மைதானமே எழுந்து நிற்கும்.

நான் சொல்ல வந்தது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி. சைரன் ஊதுகிறது. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நின்று குனிந்து வணங்குகின்றன. வென்ற பள்ளியின் பாட்டு ஒலிக்கிறது, தோற்ற பிள்ளைகள் தங்கள் பக்கத்தில் நின்று அதைக் கேட்கிறார்கள். அப்புறம் தங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பகுதிக்கு ஓடி, தொப்பியைக் கழற்றி வணங்குகிறார்கள். கடைசியில் மண்டியிட்டு, மைதானத்தின் கருமண்ணை இரண்டு கையாலும் வாரிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். 17, 18 வயசுப் பையன்கள், தேம்பித் தேம்பி அழுதபடி. கேமரா முழுக்க அவர்கள் மேல்தான். எதிர்த்தரப்பு ரசிகர்களும் கை தட்டுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: 49 அணியில் 48 அணிக்கு முடிவு தோல்விதான். அந்த 48 அணிக்கும் சேர்த்துத்தான் இந்தப் போட்டியை அமைத்திருக்கிறார்கள்.

இந்த மண்ணைப் பற்றி ஒரு கதை உண்டு. 1958-ல் ஒகினவா தீவிலிருந்து ஷுரி உயர்நிலைப் பள்ளி முதல்முறையாகக் கோஷியெனுக்கு வந்தது. ஒகினவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள், வழக்கப்படி மண்ணை எடுத்துக்கொண்டு கப்பலில் திரும்பினார்கள். ஆனால் நாஹா துறைமுகத்தில், வெளிநாட்டு மண் என்று தாவரப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அதைக் கடலில் கொட்டவைத்தார்கள். செய்தியைக் கேள்விப்பட்ட விமானப் பணிப்பெண்கள் கோஷியென் பக்கத்துக் கூழாங்கற்களைச் சேகரித்து அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கல்லுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இன்றும் பள்ளி வளாகத்து நினைவுச் சின்னத்தில் அந்தக் கற்கள் பதிந்திருக்கின்றன. முதல் சுற்றில் தோற்ற அணிக்காக ஒரு நாடு இவ்வளவு மெனக்கெட்டது.

இப்போது நம் பக்கம். எங்கள் ஊர்ப் பொங்கல் என்றால் மின்னொளிக் கபடி. குழல் விளக்கு கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, ரேடியோ செட்டில் பாட்டும் அறிவிப்புமாக விடிய விடிய நடக்கும். சுழற்கோப்பை உபயம் இன்னார், முதல் பரிசு உபயம் இன்னார் என்று தெரு முழுக்கத் தட்டி. பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று ஊரே கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆடுகிறவன் களத்தில் இறங்கும்போது மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பான். இந்த உயிர்ப்பு ஜப்பானில் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். இங்கே ஆரவாரத்துக்கும் ஒத்திகை உண்டு.

ஆனால் அந்தக் கோட்டுக்குள் யார் இறங்கினார்கள்? ஊரில் உடம்பு வாகான ஏழு பேர், கூட ஐந்து பேர். என் மாதிரி நோஞ்சான் பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கு, பார்க்கிற வேலை மட்டும்தான். பள்ளியிலாவது இடம் இருந்ததா என்றால், வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்புக்கு அதுவும் இல்லை. விளையாட்டு விழா அன்று ஓடுவது நாற்பது பேர், மீதி அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள்.

இங்கே ஆரம்பப் பள்ளியில் உன்டோகாய் என்று ஒரு நாள் இருக்கிறது. சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பள்ளியே இரண்டாகப் பிரியும். எல்லாப் பிள்ளையும் ஓடியே ஆகவேண்டும். என் மகள் வகுப்பிலேயே மெதுவாக ஓடுகிறவள். அவளுக்கும் ஓட்டம் உண்டு, அவள் சேர்க்கும் புள்ளியும் அணிக்குப் போகும். உயரமான கம்பில் கூடை கட்டி, சின்னப் பந்துகளை எறிந்து நிரப்பும் போட்டி ஒன்று. முடிந்ததும் ஆசிரியர் கூடையிலிருந்து ஒவ்வொரு பந்தாக வெளியே எறிவார், பள்ளி முழுக்க ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணும். எந்தப் பந்து யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் அழகு.

என் கருத்து இதுதான்: நம் ஊரில் விளையாட்டு ஊரிடம் இருக்கிறது, ஜப்பானில் பள்ளியிடம் இருக்கிறது. பள்ளியிடம் இருப்பதால்தான் திறமை இல்லாத பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. நாமும் அந்தப் பக்கம் நகரவேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பி.டி. மாஸ்டர் (தஞ்சாவூர் மாவட்டம்)

தம்பி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். நீங்கள் எழுதியதில் பி.டி. பீரியட் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வேதனையே அதுதான். காலாண்டுத் தேர்வு முடிந்ததும், "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு வாரம் மட்டும்" என்று வந்து நிற்பார்கள். அந்த ஒரு வாரம் ஏப்ரல் வரை போகும்.

ஆனால் பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகள் என்று வருஷம் முழுக்க வரிசை இருக்கிறது. இப்போது முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர் என்று தனித்தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளை மாநிலப் போட்டி வரை போக வழி திறந்திருக்கிறது. குறை என்னவென்றால், எல்லாமே வடிகட்டுகிற வழி. குறுவட்டத்தில் தோற்ற அணி அன்று மாலையே கலைந்துவிடும். பஸ் ஏறும்போது ஜெர்சியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன், அடுத்த பிரிவுப் பிள்ளைகளுக்கு வேண்டுமே. அவ்வளவுதான் அவன் பருவம். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடம், ஆள் இரண்டும் பிரச்சினை. சில பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே உடற்கல்வி ஆசிரியர். அவரே காலை வழிபாட்டைக் கவனிக்கவேண்டும், ஒழுங்கையும் பார்க்கவேண்டும். ஜப்பானில் மாலை நேர விளையாட்டை யார் நடத்துகிறார்கள்? உடற்கல்வி ஆசிரியர் மட்டுமா?

---

ஏழாம் நம்பர் ஜெர்சி (தூத்துக்குடி)

அண்ணே, கபடியைப் "பார்க்கிற விளையாட்டு" என்று நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பக்கம் ஏழு பேர் ஆடுகிற அணிக்குப் பின்னால், தினமும் சாயங்காலம் களத்தில் புரள்கிற இருபது முப்பது பேர் இருப்பார்கள். எடைப் பிரிவுப் போட்டி வந்தபிறகு ஒல்லிப் பையனுக்கும் இடம் உண்டு. கோச் என்று யாரும் சம்பளம் வாங்குவதில்லை. முன்னால் ஆடிய அண்ணன்மார்தான் சொல்லிக்கொடுப்பார்கள். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலி போடுவது எல்லாம் நான் கற்றது ஒரு டீக்கடை அண்ணனிடம்.

இன்னொன்று. எங்களுக்குக் கபடி வெறும் பொங்கல் விழா இல்லை, பிழைப்பு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ், வங்கி அணிகள்... சான்றிதழ் இருந்தால் ஒரு குடும்பமே நிமிரும். நான் இன்று சீருடை போட்டிருப்பது கபடியால்தான். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே, 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணி தங்கம் வாங்கியபோது எங்கள் மாவட்டத்து மணத்தி கணேசன் அந்த அணியில் இருந்தார். பிறகு அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் பெயரைச் சொல்லி வளர்ந்த பையன்கள் நாங்கள். பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதும் மாறிக்கொண்டு வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம், அங்கிருந்து ஒரு பெண் எழுந்து வர எவ்வளவு வேண்டும் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

தோற்றவனைப் பற்றி: கபடி விதியையே பாருங்கள். அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்காருவான். கூட்டாளி ஒரு பாயிண்ட் எடுத்தால் முதலில் போனவன் முதலில் உள்ளே வருவான். கிரிக்கெட்டில் அவுட் ஆனால் பெவிலியனுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் ஆட்டத்தில் உன்னைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அணிக்கு இருக்கிறது. எதிரணி ஆள் உள்ளே பாடிக்கொண்டு நிற்கும்போது, வெளியே உட்கார்ந்திருக்கிறவன் குதிகாலில் எழுந்து "விடாதே, விடாதே" என்று கத்துவான் பாருங்கள், அவனுக்கு அந்த நேரம் ஆட்டம் முடியவே இல்லை.

---

காவிரிக்கரையான்

தம்பி, அந்த விதியை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. அருமையாகச் சொன்னீர்கள்.

மாஸ்டர் கேட்டதற்கு: மாலையில் நடப்பதற்குப் புகாட்சு என்று பெயர். பேஸ்பால், கால்பந்து, டேபிள் டென்னிஸ், கெண்டோ என்று பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று வருஷம் அதிலேயே இருக்கும். பொறுப்பாளர் அந்தப் பள்ளியின் ஏதாவது ஓர் ஆசிரியர், கணக்கு வாத்தியாராகவும் இருக்கலாம். அந்த விளையாட்டு அவருக்குத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. இங்கே கணக்கு வாத்தியார் பிள்ளைகளோடு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அதுதான் எனக்குப் பொறாமை.

---

இருபிள்ளைத்தாய் (நிஷி-கசாய், டோக்கியோ)

அண்ணா, நான் பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன். புகாட்சுவை ரொம்ப அழகாகக் காட்டுகிறீர்கள். உள்ளே பிள்ளையை அனுப்பிய அம்மா என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன்.

என் மூத்தவன் நடுநிலைப் பள்ளியில் ஒரு குழு விளையாட்டில் சேர்ந்தான். காலையில் பள்ளி திறக்கும் முன்னாலேயே பயிற்சி. மாலையில் இருட்டும்வரை பயிற்சி. சனிக்கிழமை பயிற்சி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை போட்டி. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகவேண்டும், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னபோது, "அணியில் மற்றவர்களுக்குத் தொந்தரவாகுமே" என்று பொறுப்பாளர் தயங்கினார். முதல் வருஷம் முழுக்க அவன் பந்து பொறுக்கினான், மைதானத்தைச் சமன் செய்தான், மூத்த மாணவர்களுக்குக் குரல் கொடுத்தான். அப்புறம் ஆட இடம் கிடைத்தது. அவன் அதில் நிறையக் கற்றான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் இரவு ஷூவைக் கழற்றாமலே வாசல்படியில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அந்தக் காட்சியும் இந்தக் கணக்கில் வரவேண்டும்.

கோஷியெனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 கோடையில் அகிதா மாநிலத்து வேளாண் பள்ளி ஒன்று இறுதி ஆட்டம் வரை வந்தது. நாடே அந்தப் பிள்ளைகளைக் கொண்டாடியது. அதன் பந்துவீச்சாளர் யோஷிதா கோசெய் அந்த ஒரு தொடரில் எறிந்தது 881 பந்துகள். வளர்கிற தோள் அது. அதன் பிறகு பெரிய விவாதம் நடந்து, 2020-லிருந்து ஒரு வாரத்தில் ஒருவர் 500 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2012-ல் ஒசாகாவில் கூடைப்பந்து அணியின் மாணவத் தலைவன் ஒருவன் பயிற்சியாளரின் அடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டான். அன்றிலிருந்துதான் மைதானத்தில் கை ஓங்குவதை நாடு வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தது. பெண் பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. அந்த ஆகஸ்ட் போட்டியில் இன்றும் பையன்கள்தான் ஆடமுடியும். பெண்கள் உயர்நிலைப் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டம் கோஷியென் மைதானத்தில் முதன்முதலாக நடந்தது 2021-ல்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த நாட்டுக்கு முழு மனசோடு தலைவணங்குகிறேன்: நீச்சல். 1955-ல் ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி 168 பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் நீச்சல் குளம் கட்டும் வேகம் கூடியது. பராமரிக்க முடியாமல் இப்போது பல பள்ளிகள் குளத்தை மூடுகின்றன, ஆனாலும் நீச்சல் பாடம் பெரும்பாலும் இருக்கிறது. சட்டை, பேன்ட்டோடு தண்ணீரில் விழுந்தால் எப்படி மல்லாந்து மிதப்பது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஊரில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட மாமாக்கள் இருந்தார்கள். கிணறும் தூர்ந்துபோயிற்று, மாமாக்களும் வேலை தேடி ஊர் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் குளிக்கப்போன மாணவர்கள் என்று செய்தி படிக்கும்போது வயிறு எரிகிறது. பள்ளியிடம் எதையாவது கொடுக்கவேண்டும் என்றால் முதலில் இதைக் கொடுங்கள்.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோ)

அண்ணை, தமிழருக்குப் பள்ளிக்கூட விளையாட்டு இல்லை எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்திட்டுச் சும்மா இருக்க முடியேல்லை. எங்கட யாழ்ப்பாணத்தில யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-ல இருந்து கிரிக்கெட் விளையாடுகினம். உங்கட கோஷியெனை விடப் பழசு! வடக்கின் பெரும் சமர் எண்டால் மார்ச் மாசம் ஊரே மத்திய கல்லூரி மைதானத்திலதான். மூண்டு நாள் மட்ச். பெடியள் கொடியோட லொறியில ஊர்வலம், பாண்ட் வாத்தியம், வெளிநாட்டில இருந்து லீவு போட்டு வாற பழைய மாணவர். யுத்த காலத்தில சில வருசம் நடக்கேல்லை. ஆனால் விட்ட இடத்தில இருந்து திரும்பத் தொடங்கினவை. எங்களுக்கு அது விளையாட்டு மட்டுமில்லை, ஊர் இன்னும் இருக்குது எண்ட சாட்சி.

அதோட ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலயும் தை, மாசியில இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிள்ளையளை இல்லம் எண்டு அணி அணியாப் பிரிப்பினம். ஒவ்வொரு இல்லமும் தங்கட கூடாரத்தை ஒரு கருத்து வச்சு அலங்கரிக்கும். தென்னோலை, களிமண், கடதாசி எண்டு இரவிரவா நிண்டு செய்வினம். அலங்காரத்துக்கும் புள்ளி, அணிநடைக்கும் புள்ளி. ஓடத் தெரியாத நான் ஒவ்வொரு வருசமும் எங்கட இல்லத்துக் கூடாரத்துக்குக் கோட்டை வாசல் கட்டினனான். அந்தப் புள்ளி சேந்துதான் ஒரு முறை எங்கட இல்லம் முதலாவதா வந்தது. பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் தனி ஓட்டம் இருக்கும். உங்கட உன்டோகாய் எண்டு சொல்லுறது எனக்குப் புதுசாவே தெரியேல்லை.

---

திமில் (மதுரை)

ஜல்லிக்கட்டு இல்லாமல் தமிழ்நாட்டு விளையாட்டு பற்றி ஒரு பேச்சா? 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் திரண்டார்கள், சட்டம் திருத்தினோம், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இப்படித் தெருவில் இறங்கி மீட்ட விளையாட்டு வேறு எந்த நாட்டில் இருக்கிறது சொல்லுங்கள்.

இதிலும் தோற்றவன் கதை உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் எங்கே பார்த்தாலும் பிடிபடாத மாட்டுக்கும் பரிசு, பிடித்த வீரனுக்கும் பரிசு. பிடிபட்ட மாடு என்ன ஆகிறது? எங்கள் வீட்டு மாடு ஒரு வருஷம் வாடிவாசல் தாண்டிய உடனே திமிலைக் கொடுத்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. களத்தின் கடைசியில் கயிற்றைப் போட்டுப் பிடித்து, கழுத்தைத் தடவிக்கொடுத்து, ஊருக்கு ஏற்றிவந்து, எப்போதும்போலப் பருத்திக்கொட்டையும் தண்ணீரும் வைத்தார். அடுத்த வருஷமும் அதே மாடுதான் அவிழ்த்தோம்.

ஜப்பானில் மாட்டு விளையாட்டு எதுவும் இருக்கிறதா அண்ணா?

---

காவிரிக்கரையான்

இருக்கிறது திமில். நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. நீகாத்தா மாநிலத்தில் யமகோஷி என்று ஒரு மலைப்பகுதி. அங்கே மாட்டோடு மாட்டை மோதவிடுவார்கள். தேசிய முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக 1978-ல் அறிவித்த மரபு. வட்டக் களத்தில் இரண்டு காளைகள் கொம்பு கோத்து முட்டும். மோதல் உச்சத்துக்கு வந்ததும் சுற்றி நிற்கும் ஆட்கள் பாய்ந்து, பின்னங்காலில் கயிறு போட்டு இழுத்து இரண்டையும் பிரித்துவிடுவார்கள். முடிவு எப்போதும் சமன். மாட்டின் மனம் உடையக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. 2004 அக்டோபர் நிலநடுக்கத்தில் அந்தக் கிராமமே காலியானபோது மாடுகளை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். ஆட்கள் திரும்பிப் போனதும் களமும் திரும்ப வந்தது. உங்கள் அப்பாவும் அவர்களும் பேசிக்கொள்ள மொழியே தேவைப்படாது.

பனங்கூடல், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கூடாரம் கட்டியவனுக்கும் புள்ளி என்பது உன்டோகாயைவிட ஒரு படி மேல்.

அக்கா சொன்ன அத்தனையும் உண்மை. இன்னும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்துக்கே அது முக்கியம். ஜப்பான் இப்போது எதிர்த் திசையில் போகிறது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒன்பது பேர் தேறாத பள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே அணியாக இறங்குகின்றன. ஒரே அணியில் மூன்று விதச் சீருடை. ஆசிரியர்களுக்கும் சனி, ஞாயிறு போய்விட்டது. அதனால் 2023-லிருந்து அரசு நடுநிலைப் பள்ளிகளின் விடுமுறை நாள் பயிற்சியை ஊர் கிளப்புகளிடம் மாற்றும் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கோபே நகரம் நடுநிலைப் பள்ளிப் புகாட்சுவையே 2026-ல் முடித்துக்கொண்டு ஊர் அமைப்புகளிடம் ஒப்படைக்க முடிவு செய்திருக்கிறது. அதாவது, டீக்கடை அண்ணன் சொல்லிக்கொடுக்கும் முறையை இவர்கள் திட்டம் போட்டு, பணம் ஒதுக்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, பள்ளியா ஊரா என்பதை விட, கடைசியாக வருகிறவனுக்கு வேலை வைத்திருக்கிறோமா என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாஸ்டர், உங்கள் பள்ளிக்கு ஒத்துவரும் என்று நினைப்பது எகிடென். நீண்ட தூரத் தொடர் ஓட்டம். புத்தாண்டில், ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கும் ஹகோனே எகிடென் 1920-ல் ஆரம்பித்தது. டோக்கியோ ஒதெமாச்சியிலிருந்து ஹகோனே மலை ஏரி வரை போய்த் திரும்ப 217.1 கிலோமீட்டர், அணிக்குப் பத்துப் பேர். கையில் குச்சி கிடையாது. தோளில் குறுக்காகப் போடும் துணிப் பட்டையைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுக்கவேண்டும். முன்னணியைவிடக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பின்தங்கினால், போக்குவரத்து காரணமாக அடுத்த ஆளைக் காத்திருக்க விடாமல் வேறு பட்டையைக் கொடுத்து ஓடச்செய்துவிடுவார்கள். ஓடி வந்தவன் கையில் பட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாங்க ஆள் இல்லாத கோட்டில் விழுவான். என்ன ஒரு வேதனை! ஆனால் அவன் ஓடிய நேரமும் கணக்கில் சேரும், ஒரு நொடிகூட வீணாகாது. வேகமான ஒருவன் மட்டும் இருந்தால் அணி ஜெயிக்காது, பத்தாவது ஆளைத் தேற்றினால்தான் ஜெயிக்கும்.

---

ஏழாம் நம்பர் ஜெர்சி

பத்தாவது ஆளைத் தேற்றுவது... எங்கள் கோச் அண்ணன் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. கபடியிலும் கார்னர் இரண்டு பேர் மட்டும் வலுவாக இருந்தால் இரண்டாவது பாதியில் உடைந்துபோவோம்.

---

இருபிள்ளைத்தாய்

நடத்துவதாக இருந்தால் பெண் பிள்ளைகளையும் அதே அணியில் சேருங்கள் சார். ஐந்து பையன், ஐந்து பெண். தனித்தனியாக வைத்தால் பெண்கள் ஓட்டத்தை வெயில் ஏறியபிறகு வைத்து, ஆள் கலைந்த மைதானத்தில் ஓடவிடுவார்கள். நான் பள்ளியில் அப்படித்தான் ஓடினேன்.

---

பி.டி. மாஸ்டர்

அம்மா சொன்னது சரி, கலந்தே வைக்கலாம். எங்கள் பள்ளியில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள் பெயரளவில் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைக்கப்போகிறது. கொள்ளிடக் கரை ரோட்டில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி நடமாட்டம் குறைவு. ஆளுக்கு 1 கிலோமீட்டர், அணிக்குப் பத்துப் பேர். பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிட்டேன், ஆம்புலன்ஸுக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் தயார் செய்கிறேன். பனங்கூடல் தம்பி சொன்ன மாதிரி கைமாற்றும் இடத்தில் ஒவ்வோர் அணியும் பந்தல் போடட்டும், அதற்கும் புள்ளி. அந்த வேலை ஓடாத பிள்ளைகளுக்கு.

ஹகோனேயில் பாதியில் வேறு பட்டை கொடுப்பதை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எங்கள் கரையில் யாருக்கும் அவசரம் இல்லை, கடைசிப் பிள்ளை வரும்வரை அடுத்தவன் நிற்கட்டும். திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அணிக்கு என்று ஏழாம் நம்பர் தம்பி சொன்ன வரி மனசில் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். பட்டை எவ்வளவு நீளம், எப்படிக் கட்டுவது? தையல் டீச்சரிடம் சொல்லவேண்டும். அடுத்தவன் எப்போது கோட்டுக்கு வருவது என்று எப்படித் தெரியும்? நான்கு அணியும் ஒன்றாக வந்தால் குழப்பம் ஆகுமே.

---

காவிரிக்கரையான்

மாஸ்டர், முடிச்சு வேண்டாம், வளையமாகத் தைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கும் அளவு இருந்தால் போதும். மாட்டிக்கொண்டபின் தொங்குகிற மிச்சத்தை டிரவுசர் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை இருவருக்கும் ஒரே பட்டை பொருந்துவது அதனால்தான். வழுக்காத பருத்தித் துணி நல்லது. கோட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்பே கழற்றி, இரண்டு கையாலும் விறைப்பாக நீட்டிப் பிடித்துக்கொண்டு வரவேண்டும், வாங்குகிறவன் ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ள வசதியாக.

கோட்டுக்குக் கூப்பிட, கொஞ்ச தூரம் முன்னால் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஓடி வருகிறவரின் அணி நிறத்தை அவர் போனில் சொன்னால், இங்கே மைக்கில் அதே வரிசையில் அறிவிப்பார்கள். முதலில் வருகிற அணி உள்பக்கம், அடுத்தது அதற்கு வெளியே. மைக் பிடிக்க ஓடாத பிள்ளை ஒன்றைப் போடுங்கள். தேதி முடிவானதும் சொல்லுங்கள், பட்டைத் துணிச் செலவு என்னுடையது.